உட்கார்ந்து தூங்கும் வீடு

1

நான் வளர்ந்த வீட்டில் என் மகளால் மூச்சுவிட முடியவில்லை என்றால், அவளை அங்கே கூட்டிக்கொண்டு போகலாமா, கூடாதா?

இதை மருத்துவரிடம் கேட்டிருக்கிறேன், கணவரிடம் கேட்டிருக்கிறேன், ஜெபத்திலும் கேட்டிருக்கிறேன். மருத்துவரிடம் பதில் இருந்தது. கணவரிடமும் இருந்தது. இருவர் சொன்னதும் சரிதான். ஆனால் கேள்வி தீரவில்லை. ஒவ்வொரு வருடமும் இங்கே மரங்கள் மொட்டையாகி, மாலை நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும் நாட்களில் அது திரும்ப வந்துவிடுகிறது.

நான் இருப்பது ஜெர்மனியில், ஹாம்பர்க்கில். பெரிய துறைமுக ஊர். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் என் கணவர் எட்வின் என்னை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்க் கப்பல்களைக் காட்டி, "உனக்காகவேதான் ஹார்பர் இருக்கற ஊராப் பாத்து வேலை வாங்கியிருக்கேன்" என்று கேலி செய்தார். நானும் ஒரு துறைமுகத்தின் பக்கத்தில், திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவள். எதிர்க்கரையில் அடுக்கி வைத்திருந்த கண்டெய்னர்களைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அதே துருச்சிவப்பு, அதே நீலம். ஒரே ஒரு வித்தியாசம்தான். இங்கே பால்கனியில் துணி காயப்போட்டால் எடுக்கும்போதும் வெள்ளையாகவே இருக்கிறது.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு படம் காரணம். என் மகள் எஸ்தர் முதல் வகுப்பில் படிக்கிறாள். இரண்டு நாட்டிலும் வாயில் நுழையும் பெயராக இருக்கட்டும் என்று தேடி வைத்த பெயர். கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்கே போவீர்கள் என்று வரையச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் பனிமலை, சறுக்குப் பலகை, பாட்டி வீட்டுக் கிறிஸ்துமஸ் மரம் என்று வரைந்திருக்க, இவள் ஒரு சுவரை வரைந்து அதில் சாய்ந்தபடி நாலு பேரை வரிசையாக உட்கார வைத்திருக்கிறாள். நாலு பேருக்கும் கண் மூடியிருக்கிறது. மேலே பெரிதாக ஒரு நட்சத்திரம்.

பள்ளி வாசலில் ஆசிரியை என்னைத் தனியாக அழைத்து, மிக மரியாதையாக, இவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் எஸ்தர் ஜெர்மனில் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் எனக்காகத் தமிழிலும் ஒருமுறை சொன்னாள்.

"அது தாத்தா வீடும்மா. அங்க எல்லாரும் உக்காந்துதான தூங்குவாங்க?"

2

எங்கள் வீடு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. கீழே கடை, மேலே வீடு. படகுக்காரர்களுக்கு வேண்டிய கயிறு, வலை, மிதவை, ஈயக்குண்டு எல்லாம் கடையில் கிடைக்கும். அப்பா சாத்தான்குளம் பக்கத்திலிருந்து இளவயதில் உறவினர் கடைக்கு வேலைக்கு வந்து, பிறகு சொந்தமாக வைத்த கடை. மாடிப்படி ஏறும்போதே தேங்காய்நார்க் கயிற்றின் வாசனை வரும். தலையணை, துண்டு, பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் அந்த வாசனை இருந்தது. கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், "உன் பைல கப்பல் வச்சிருக்கியாடி?" என்று கேட்டிருக்கிறாள்.

டிசம்பர் பிறந்தால் அப்பா வீட்டுக்கு வெள்ளையடிப்பார். அம்மா முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுப்பாள். மூங்கில் தப்பையும் காகிதமும் கொண்டு அப்பாவே நட்சத்திரம் கட்டி, மொட்டைமாடியில் ஒரு பழைய படகுக்கம்பை நட்டு, அதன் உச்சியில் ஏற்றுவார். தொழிலுக்குப் போய்த் திரும்பும் படகுக்காரர்கள் கடைக்கு வரும்போது, "நைனா, கரை வர்துக்குள்ள உன் ஸ்டாருதான் மொதல்ல தெர்து" என்பார்கள். உண்மையோ, கயிற்றில் விலை குறைக்கச் சொன்னதோ தெரியாது. அப்பா இரண்டையும் ஏற்றுக்கொள்வார்.

பண்டிகைக்கு முந்தின நாள் அக்கம்பக்கத்துக்குத் தட்டு போகும். எவர்சில்வர் தட்டில் முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மேலே அம்மா பின்னிய பூத்துணி. எதிர்வீட்டு மல்லிகா அக்காவுக்குத்தான் முதல் தட்டு. மீன் ஏலம் எடுத்து விற்பவர். எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை, ஆனால் நான் வயதுக்கு வந்தபோது முதலில் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டவர். எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. வீட்டில் ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும். மல்லிகா அக்கா சர்க்கரை வைப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பார். வலையில் நல்ல மீன் படும்வரை தட்டைத் தம் வீட்டிலேயே வைத்திருந்து, வறுத்து வைத்துக் கொண்டுவருவார். எங்கள் வீட்டுத் தட்டுகளில் பாதி எப்போதும் எதிர்வீட்டில்தான் இருக்கும்.

காற்றைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதாக நினைவில்லை. விடியற்காலையில் மேற்கிலிருந்து ஒரு வாடை வரும். சில நாள் அழுகிய முட்டை போல, சில நாள் கண் எரிகிற மாதிரி. "மேக்காத்து அடிக்கு, கடல் காத்து ஏறுனா சரியாப் போகும்" என்பார் அப்பா. வெயில் ஏறினால் கடல் காற்று வரும், சரியாகத்தான் போகும். நாங்கள் அதைக் கோழி கூவுவது போல எடுத்துக்கொண்டோம்.

3

எஸ்தரைக் கைக்குழந்தையாகக் கொண்டுபோன டிசம்பரில் எதுவும் நடக்கவில்லை. அடுத்த முறை போனபோது, இரண்டாம் நாள் இருமல். மூன்றாம் நாள் அவள் மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. ஆட்டோ பிடித்து ஓடினோம். முகமூடி வைத்து மருந்துப்புகை கொடுத்தார்கள். கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்ற ரோட்டில் ஆட்டோ நகராமல் நின்ற அந்த நேரத்தை நான் இன்றுவரை யாரிடமும் விவரித்ததில்லை. இங்கேயும் விவரிக்கப் போவதில்லை.

படுத்தால் மூச்சு முட்டியதால் அவளை உட்கார்ந்த நிலையிலேயே தூங்கவைக்கச் சொன்னார்கள். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவளைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். கால் மரத்துப்போகும், மாற்றி வைக்கலாம் என்றால் விடவில்லை. "பிள்ளை இப்பதான் அசந்திருக்கு, சும்மா இருட்டி" என்று என்னை அதட்டினார். அவரைத் தனியே விடக்கூடாது என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் நான். அந்த வாரம் முழுவதும் அப்படித்தான். அதன்பிறகு போன ஒவ்வொரு டிசம்பரிலும் அப்படித்தான்.

ஹாம்பர்க் திரும்பியதும் குழந்தை மருத்துவர் கேட்டார். எங்கே இருக்கும்போது இப்படி ஆகிறது? நான், "வீட்டில்" என்றேன். அப்போது என் ஜெர்மன் இன்னும் மோசம். மனதில் இருந்த வீடு வாயில் வந்துவிட்டது. அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். சில வாரங்களில் எங்கள் அடுக்ககத்தின் நிர்வாகத்திலிருந்து ஒருவர் சுவரின் ஈரத்தை அளக்கும் கருவியுடன் வந்து நின்றார். குழந்தைக்கு வீட்டில் மூச்சுத்திணறல் என்று மருத்துவர் எழுதியிருப்பதால் சுவர்களில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். படுக்கையறைச் சுவர், குளியலறை மூலை, அலமாரிக்குப் பின்பக்கம் எல்லாவற்றிலும் அந்தக் கருவியை வைத்துப் பார்த்தார். எங்கும் ஒன்றுமில்லை. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், அது வேறு வீடு என்று விளக்க எனக்கு வார்த்தை வரவில்லை. தேநீர் கொடுத்தேன். போகும்போது அவர் ஜன்னலைக் காட்டி, தினமும் பலமுறை நன்றாகத் திறந்து வையுங்கள், குழந்தைக்கு வெளிக்காற்று முக்கியம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த முறை சரியாகச் சொன்னேன். மருத்துவர் நான் வந்த ஊரின் பெயரைக் கணினியில் தட்டி வரைபடத்தைப் பார்த்தார். கடற்கரை, துறைமுகம், அனல்மின் நிலையங்கள், ஆலைகள். குளிர்காலக் காலையில் புகை மேலே போகாமல் தங்கும் என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "விடுமுறைக்கு வேறு இடம் இருக்கிறதா?" என்றார்.

இருக்கிறது. விடுமுறைக்கு உலகம் முழுக்க இடம் இருக்கிறது.

4

வேறு இடம் என்று நான் அப்பாவிடம் சொல்லவில்லை. தூசி ஒத்துக்கொள்ளவில்லையாம் என்று மட்டும் சொன்னேன். அப்படிச் சொன்னது சரியா என்று இப்போதும் யோசிக்கிறேன். ஏனென்றால் தூசி என்று நான் சொன்ன அன்றிலிருந்து அவர்கள் வீட்டைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

முதலில் நின்றது வெள்ளையடிப்பு. சுண்ணாம்பு வாடை பிள்ளைக்கு ஆகாது. அடுத்து கொசுவர்த்தி. அடுத்த வருடம் போனபோது படிக்கட்டில் கயிற்று வாசனை இல்லை. "நார்க்கயிறு தூசிதாம்மா காரணம். கண்டுபிடிச்சுட்டேன்" என்றார் அப்பா, பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி. தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்கு பிடித்து நார்க்கயிறு முழுவதையும் அங்கே மாற்றியிருந்தார். யாராவது கயிறு கேட்டால் அந்த வயதில் வண்டியை எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டைக்குப் போய் எடுத்துவந்தார். எஸ்தர் அந்த வருடமும் மூன்றாம் நாள் உட்கார்ந்துதான் தூங்கினாள்.

அதற்கும் அடுத்த வருடம் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கோல் இல்லை.

"வைக்கோல் இல்லாம என்னம்மா குடில்?" என்றேன்.

"பஞ்சு வைக்கலாம்னு பாத்தேன். அதுவும் பறக்கும்லா? துண்டு விரிச்சுட்டேன்" என்றாள் அம்மா.

குழந்தை இயேசு ஒரு பூத்துவாலையின் மேல் படுத்திருந்தார். எட்வின் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். அம்மாவும் சிரித்தாள். "குளிச்சிட்டு வந்தவரு மாதிரி இருக்காருல்ல? அவரு ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு."

முந்திரிக்கொத்தை அம்மா வீட்டில் சுடவில்லை. எண்ணெய்ப்புகை படக்கூடாது என்று அடுப்பைக் கீழே கடைக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு முக்காலியில் உட்கார்ந்து சுட்டாள். ஜன்னல்களுக்கெல்லாம் ரப்பர்ப்பட்டை ஒட்டி மூடி, புதிதாக ஏசி மாட்டியிருந்தார்கள். கடல் அத்தனை பக்கத்தில் இருந்தும் அலைச்சத்தம் உள்ளே கேட்கவில்லை. ஹாம்பர்க்கில் ஜன்னலைத் திற என்கிறார்கள், இங்கே மூடு என்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மல்லிகா அக்கா வந்து, கதவைத் திறந்தவுடன் சாத்தச் சொன்னதில் முகம் சுளித்தார். உள்ளே வந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இன்னா நைனா இது, வூட்ட ஐஸ்பொட்டி ஆக்கிக்கினே? மீனு வெக்கலாம் போலக்கீதே!"

"பிள்ளைக்கு மூச்சு இழுக்குல்லா" என்றார் அப்பா.

"அல்லாருக்குந்தான் இஸ்துக்குது. எம்பேரன் இன்னா பண்றான்? அவனும் அந்த மருந்த வாய்ல வெச்சி உறிஞ்சிகினு தான் இஸ்கூல் போறான்." என் பக்கம் திரும்பினார். "நீ ஏரோபிளேன் ஏறி பூடுவ கண்ணு. அவன் எங்க பூடுவான்?"

சொன்னவருக்கே சங்கடமாகிவிட்டது போல. எஸ்தரை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இன்னாடி வெள்ளக்காரி, என்கூட மார்க்கெட்டுக்கு வர்றியா? உன்ன வித்துட்டு ஒரு கூட வஞ்சிரம் வாங்கிக்கறேன்" என்று கன்னத்தைக் கிள்ளினார். எஸ்தருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. அந்த இருமல் நிற்கவில்லை.

அந்த வருடம் ஒருநாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். வீட்டில் எடுப்பதற்கு இனி எதுவும் மிச்சமில்லை என்று அன்றைக்குத்தான் அப்பாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு ஜன்னல் வழியே மேற்கே புகைபோக்கிகள் இருக்கும் திசையைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து முதல்முறையாக அவர், கடல் காற்று ஏறினால் சரியாகப் போகும் என்று சொல்லவில்லை.

மொட்டைமாடியில் நட்சத்திரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதில் தூசி இல்லை, புகை இல்லை. அது மட்டும்தான் தப்பித்திருந்தது.

5

போன வருடம் நவம்பரில் அப்பா கூப்பிட்டார்.

"எம்மா, டிக்கெட் எடுத்துட்டியா?"

"இன்னும் இல்லப்பா. இனிமேதான்." உண்மையில் நானும் எட்வினும் அதைப் பற்றிப் பல நாள் பேசாமல் தள்ளிக்கொண்டிருந்தோம்.

"நல்லதாப் போச்சு. இந்த வருசம் பண்டிகைக்கு ஊருக்கு வான்னு பெரியப்பா ரொம்பக் கூப்பிடுதாரு. வயசாயிட்டுல்லா அவருக்கும். நானும் அம்மையும் போயிட்டு வரலாம்னு பாக்கோம். வீடு பூட்டித்தான் கிடக்கும். நீ அடுத்த வருசம் வாயேன்."

ஊர் என்றால் சாத்தான்குளம் பக்கம். அப்பா கிறிஸ்துமஸுக்குத் திருவொற்றியூர் வீட்டைப் பூட்டி நான் பார்த்ததே இல்லை. தன் சொந்தத் தங்கை கல்யாணம் பண்டிகையை ஒட்டி வந்தபோதே, பண்டிகை ஆராதனையை இங்கே முடித்துவிட்டுத்தான் ரயில் ஏறினாராம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், "சரிப்பா, பெரியப்பாவும் பாவம்" என்றேன். போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது வருத்தமில்லை. நெஞ்சில் இருந்த ஒரு பாரம் இறங்கியது. பிறகுதான் வருத்தம் வந்தது. அதுவும் எனக்கு முதலில் நிம்மதி வந்ததே என்கிற வருத்தம்.

இங்கே ஒரு சிறிய மரம் வாங்கினோம். எஸ்தர் அதில் வைக்கோல் நட்சத்திரங்களைத் தொங்கவிட்டாள். இந்த ஊரில் வைக்கோலில்தான் செய்வார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. விடுமுறை முழுவதும் ஒருமுறைகூட இருமவில்லை. இரவில் குப்புறப் படுத்து, கைகால்களை அகல விரித்துத் தூங்கினாள்.

பண்டிகை அன்று அப்பா வீடியோ இல்லாமல் கூப்பிட்டார். "ஊர்ல சிக்னல் சரியில்லம்மா, படம் வராது." அம்மா வாங்கிப் பேசினாள். வாழ்த்துச் சொன்னாள். பிள்ளை சாப்பிட்டாளா என்றாள்.

"ஊரு எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு." பிறகு தானாகவே, "நல்ல காத்து" என்றாள்.

6

ஜனவரி கடைசியில் மல்லிகா அக்காவிடமிருந்து வாட்ஸப்பில் குரல் செய்தி வந்தது. அவருக்கு எழுதத் தெரியாது. பேரன் பொத்தானை அழுத்திக் கொடுப்பான், இவர் ஒரே மூச்சில் பேசுவார்.

"கண்ணு, நல்லாகீறியா? கொயந்த நல்லாகீதா? நீ வர்லன்னு உங்கம்மா மூஞ்சியே செரியில்ல. பண்டிகைக்கு ரெண்டு பேரும் வூட்ட சாத்திக்கினு உள்ளாறவே கெடந்தாங்க. கோயிலுக்கும் எங்கியோ தூரமா வண்ணாரப்பேட்ட பக்கம் போய்ட்டு வந்தாங்களாம். உங்கப்பா ஸ்டாருகூட கட்டல. நான் போயி, இன்னா நைனா, தெருவே இருட்டா கீது, ஸ்டாரு எங்கன்னு கேட்டேன். ஒடம்பு முடியலன்ட்டாரு. ஆனா தட்டு மட்டும் வந்திச்சிமா. உங்கம்மா கை முந்திரிக்கொத்து, சொல்லணுமா? அந்தத் தட்டு இன்னும் எங்கூட்லதான் கீது. கடல்ல ஒண்ணும் செரியா படல. வெறுந்தட்ட எப்டி குட்ப்பேன்? உங்கப்பாவுக்கு இன்னா மீனு புடிக்கும், சொல்லு."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்கத் தோன்றாமல் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அவர்கள் எங்கேயும் போகவில்லை. யாராவது படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நட்சத்திரம் கட்டவில்லை. வழக்கமான ஆலயத்துக்குப் போனால் தெரிந்தவர்கள் யாராவது பேச்சுவாக்கில் என்னிடம் சொல்லிவிடுவார்கள் என்று வேறு ஆலயத்துக்குப் போயிருக்கிறார்கள். வீடியோவை அணைத்து வைத்தார்கள். இவ்வளவு யோசித்தவர்கள் ஒன்றே ஒன்றில் தவறிவிட்டார்கள். எதிர்வீட்டுக்குத் தட்டு கொடுக்காமல் அம்மாவால் பண்டிகை கழிக்க முடியவில்லை. பெற்ற மகளிடம் பொய் சொல்ல முடிந்தது. அது முடியவில்லை. கடைக்குப் பின்னால் அந்த முக்காலியில் உட்கார்ந்து சுட்டாளா, அல்லது நான்தான் வரவில்லையே என்று தன் அடுப்படியிலேயே சுட்டாளா? அதை நினைக்கும்போதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எட்வினிடம் சொன்னேன். "அவங்க நமக்காக முடிவெடுத்துக் குடுத்திருக்காங்க. வாங்கிக்கோ. அதுதான் மரியாதை" என்றார். அவருடைய பதில்கள் எப்போதும் நியாயமாகவே இருக்கின்றன.

மல்லிகா அக்காவுக்கு, "அப்பாவுக்குச் சங்கரா வறுவல்னா உசுரு" என்று மட்டும் பதில் அனுப்பினேன்.

சில வாரம் கழித்து அம்மா பேச்சுவாக்கில், "மல்லிகா சங்கரா வறுத்துக் கொண்டாந்தா. அப்பா ரசிச்சு சாப்பிட்டாரு" என்றாள்.

"என்ன விசேஷம்மா, திடீர்னு?"

"சும்மாதான்" என்றாள். நானும், "ஓ" என்றேன். அதற்குமேல் நாங்கள் இருவரும் அதைத் தொடவில்லை.

7

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா மறுபடி கூப்பிட்டார். எஸ்தரின் படத்தை நான் குளிர்பதனப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தேன். பேசும்போது கண் அதன்மேலேயே இருந்தது.

"இந்த வருசமும் ஊருக்குத்தாம்மா. பெரியப்பா விட மாட்டேங்காரு."

நான் சரிப்பா என்று சொல்வதற்குள் எஸ்தர் ஓடிவந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். தமிழை யோசித்து யோசித்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"தாத்தா, நான் வரவா? உங்க மேல உக்காந்து தூங்கவா?"

போனில் லாரி ஹாரன் ஒன்று நீளமாகக் கேட்டு அடங்கியது. அதற்கப்புறம்தான் அப்பாவின் குரல் வந்தது.

"வேண்டாம் தங்கம். நீ அங்கனயே நல்லாப் படுத்துத் தூங்கு."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்குத் தோன்றும் யோசனைகள் எல்லாவற்றையும் நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர்களை இங்கே அழைக்கலாம். ஒருமுறை அதற்கு முயன்றோம். விசா நேர்காணலில் அப்பாவிடம், நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். "கடை இருக்கு, வீடு இருக்கு, வேற என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு வந்தார். விசா கிடைக்கவில்லை. இனி அங்கே போய் நிற்க மாட்டேன் என்கிறார். தாம்பரம் பக்கம் இரண்டு வாரத்துக்கு வீடு எடுத்து அவர்களையும் அங்கே வரச்சொல்லலாம். கேட்டேன். "பண்டிகையும் அதுவுமா வாடகை வீட்டுலயா?" என்றாள் அம்மா. ஜூலையில் போகலாம், அப்போது காற்று கொஞ்சம் தேவலை என்கிறார்கள். போவோம். நான் மட்டும் டிசம்பரில் போகலாம். ஆனால் கதவைத் திறந்ததும் அவர்கள் கண் என் முதுகுக்குப் பின்னால் பிள்ளையைத் தேடுமே, அதை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது? விடுமுறைக்கு ஒருநாள் முன்னதாகக் கிளம்பவும் பள்ளியில் அனுமதி தர மாட்டார்கள் என்பது இன்னொரு கவலை. இப்படிப் பெரியதும் சின்னதுமாகக் கவலைகளைக் கலந்து வைத்துக்கொண்டு எதையும் முடிவெடுக்காமல் இருக்கிறேன்.

எஸ்தரை இந்த டிசம்பரில் கூட்டிப்போகப் போவதில்லை. அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. இதை எழுதும்போது மல்லிகா அக்காவின் பேரன் நினைவுக்கு வருகிறான். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தண்டையார்பேட்டையிலும் இழுக்கும் பிள்ளையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இதைப் படிக்கக்கூடும். ஏரோபிளேன் ஏறிப் போனவளுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று உங்களுக்குத் தோன்றினால் அது நியாயம்தான். ஆனாலும் உங்களைத்தான் கேட்கிறேன். அந்தச் சந்தும் அந்த மனிதர்களும் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னால், அவர் எனக்காகச் சொன்ன ஒரே பொய்யை அவர் முகத்துக்கு நேரே பிரித்துப் போட்டது போலாகும். இனி என் முன்னால் கூச்சமில்லாமல் பேச அவரால் முடியாது. சொல்லாவிட்டால், இந்தக் கிறிஸ்துமஸுக்கும் அவர்கள் இரண்டு பேரும் சொந்த வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, தெரியாத ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுந்து, வெளியே ஒரு விளக்கும் போடாமல் பண்டிகையைக் கழிப்பார்கள். எதிர்வீட்டுக்கு ஒரு தட்டு மட்டும் போகும்.

நாங்கள் போகாமல் இருப்பதை மாற்ற வழியில்லை. அவர்கள் ஒளிந்திருப்பதையாவது மாற்ற வேண்டும். அப்பா அந்தப் படகுக்கம்பில் நட்சத்திரம் ஏற்ற வேண்டும். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாமல், அதைக் கட்டுங்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள். டிசம்பர் பிறப்பதற்குள் எழுதுங்கள்.